பழைய நூல்களும் புதிய கலையும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதி நிலாவெளியைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் நெருங்கி வருகின்றன. அவ்விடத்தில் அமைந்த ஊரே இறக்கக்கண்டி. கடலையும் களப்பையும் நம்பி வாழும் தமிழரும் முஸ்லிம்களும் அங்கு அயலவராக வாழ்கின்றனர். இத்தகைய கரையோர ஊர்களில் ஒரு பொருளை எளிதில் எறிந்துவிடுவோர் குறைவு. அறுந்த வலை தோட்டத்துக்கு வேலியாகும். உடைந்த தோணியின் பலகை வாசலில் வாங்காகும். ஆனால், பயன் தீர்ந்த நூல் ஒன்று கைக்கு வந்தால் மட்டும் யாவரும் சற்றுத் தயங்குவர். அதனை வைத்திருக்கவும் இயலாது, எறியவும் மனம் வராது.

வைத்திருக்க இயலாமைக்குக் காரணம் உண்டு. உப்புக்காற்று கடதாசிக்குப் பகை. தாள்களைப் பிணைக்கும் இரும்புக் கம்பிகள் சில ஆண்டுகளில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். வாடைக்காற்றோடு வரும் மழை பூஞ்சணத்தைக் கொண்டுவரும். மழை ஓய்ந்தால் கறையான் வரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடலே ஊருக்குள் வந்தது. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிக் கரைகளில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோன அந்த நீர், அலுமாரிகளிலிருந்த நூல்களையும் விட்டுவைக்கவில்லை. கடல்நீரில் தோய்ந்த நூல் வெயிலில் காய்ந்தபின் ஒரே கட்டியாகி விடும். தாளைப் பிரிக்க முயன்றால் எழுத்தும் கூடவே உரிந்து வரும்.

இவை தவிர, கெடாமலே பயன் தீர்ந்த நூல்களும் உள்ளன. இலங்கையில் 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்கள் அரசினால் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. பாடத்திட்டம் மாறுந்தோறும் பழைய பாடநூல்கள் பாடசாலைக் களஞ்சிய அறையில் அடுக்கப்பட்டு உறங்குகின்றன. நாளடைவில் அவை பழைய கடதாசி வாங்குபவரின் தராசில் ஏறிக் கடைக்குச் சென்று, கச்சான் சரையாக மீண்டும் அதே பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்கின்றன. கிழக்கு மாகாணத்திலே, 1956ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலோடு கழிவுக் கடதாசியையும் மூலப்பொருளாகக் கொண்டது. ஆகவே, எழுதிய தாள் மீண்டும் கூழாகி வெற்றுத் தாளாவது இப்பகுதி மக்களுக்குப் புதுமையன்று. அத்தாள் கலைப்பொருளாகலாம் என்பதுதான் சற்றுப் புதுமை. அதில் ஒரு சிக்கலும் இருக்கின்றது.

சிக்கல் யாதெனில், நூலை வெட்டுவது நம்மவர்க்குப் பாவமாகத் தோன்றுகின்றது. தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் இன்னும் மறையவில்லை. சரசுவதி பூசையன்று நூல்களை அடுக்கி மலர் சார்த்துகின்றோம். இஸ்லாமியப் பெருமக்கள், பழுதடைந்த திருமறைத் தாள்கள் எவர் காலிலும் படாவண்ணம் துணியிற் சுற்றி மண்ணில் அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொள்கின்றனர். எழுத்துக்கு உயிர் உண்டு என்ற எண்ணம் இவ்விரு வழக்கங்களிலும் பொதிந்து கிடக்கின்றது. அவ்வாறிருக்க, ஓர் ஆசிரியர் மாணவர் கையிற் கத்தரிக்கோலைக் கொடுத்து, 'இந்த நூலை வெட்டுங்கள்' என்று சொல்வது எங்ஙனம்?

இந்தத் தயக்கத்தைப் பழமை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. பக்தி இருந்தும் நூல் அழிந்த வரலாறு நமக்கு உண்டு. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகளைச் சாத்திர விதிப்படி நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டதாகக் கூறினர். அச்செய்தியைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கின்றார். ஏட்டை எரித்தவர் பகைவரல்லர், பக்தர்களே. சிதைந்த ஏட்டைத் தீக்கோ நீருக்கோ கொடுக்கும் வழக்கத்தில் முன்னோர் ஒரு நிபந்தனையை உடன்வைத்திருந்தனர். முதலிற் புதிய ஓலையிற் படி எடுக்கவேண்டும். அதன் பின்னரே பழைய ஓலைக்கு விடை கொடுக்கலாம். காலப்போக்கில் படி எடுப்பது நின்றது, தீயிலிடுவது மட்டும் நின்றபாடில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, கட்டை அவிழ்த்தால் ஓரம் ஒடியும் ஏடுகளோடுதான் போராட வேண்டியிருந்தது. ஆதலால், ஒரு நூல் கழிவா அன்றா என்பதைத் தீர்மானிப்பது அதன் கிழிசல் அன்று. அதன் படி வேறெங்கேனும் உளதா என்பதே கேள்வி.

பிற நாடுகளிலும் இதற்குச் சான்று உண்டு. எகிப்தின் பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்னும் யூதத் தொழுகைமனை உள்ளது. இறைவன் பெயர் எழுதிய தாளை எறியலாகாது என்பது யூதர் கொள்கை. ஆகவே, பயன் தீர்ந்த தாள்களை ஓர் அறையில் நூற்றாண்டுக் கணக்காகப் போட்டுவந்தனர். 1896-97இல் சொலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் அவற்றுட் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். ஏறத்தாழ 190,000 துணுக்குகள்! சமய நூல் மாத்திரமன்று, இந்து மாகடலைக் கடந்து மலையாளக் கரையில் மிளகு வாணிகம் செய்த வணிகரின் 12ஆம் நூற்றாண்டுக் கடிதங்களும் அக்குப்பையில் இருந்தன. அக்காலக் கடல் வாணிகத்தைப் பற்றி இன்று அறிஞர் எழுதுவனவற்றுட் பலவற்றுக்கு அந்தக் குப்பையே ஆதாரம்.

கழித்த நூலைக் கலைப்பொருளாக்கும் தொழிலும் மிகப் பழையது. அதே எகிப்தில், பதப்படுத்திய பிரேதங்களுக்கு மார்புக் கவசமும் முகமூடியும் செய்வோர், எழுதிக் கழித்த பப்பிரசுத் தாள்களைப் பசையிட்டு ஒட்டி, மேலே சுதை பூசி வண்ணம் தீட்டினர். அத்தகைய கவசம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது, பொசெடிப்பஸ் என்னும் கிரேக்கப் புலவரின் ஏறத்தாழ 600 அடிகள் வெளிப்பட்டன. அவை 2001ஆம் ஆண்டில் அச்சாயின. எவரோ ஒரு கைவினைஞர் குப்பையென எண்ணி ஒட்டிய தாளே அப்புலவரின் பாடல்களைக் காத்துத் தந்தது. கைவினை நூலை அழிப்பதுமுண்டு, சில வேளைகளில் அறியாமலே காப்பதுமுண்டு.

யப்பானியர் செய்கை இன்னும் மென்மையானது. பழைய கணக்குப் புத்தகங்களின் தாள்களை நீளமாக நறுக்கி, முறுக்கி நூலாக்கி, துணி நெய்யும் வழக்கம் அந்நாட்டு ஊர்ப்புறங்களில் இருந்தது. கடன் எழுதிய தாள் ஒருவரின் மேலாடையாயிற்று! 9ஆம் நூற்றாண்டில் செய்வா என்னும் பேரரசர் மறைந்தபின், அவர்தம் தேவியருள் ஒருவர், அரசர் தமக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் திரட்டி, கூழாக்கிப் புதுத் தாள் செய்து, அத்தாளில் பௌத்த சூத்திரத்தை எழுதச் செய்தார் என்பர். பழைய மை முற்றும் நீங்காமையால் அவ்வகைத் தாள் சாம்பல் நிறமாக இருக்கும். அந்தச் சாம்பல் நிறத்தை நீக்க அக்காலத்தவர் முயன்றிருந்தால் ஏதோ ஒன்று குறைந்திருக்கும்.

நம் காலத்துக்கு வருவோம். 1966ஆம் ஆண்டு இலண்டனில் ரொம் பிலிப்ஸ் என்னும் ஓவியர், மூன்று பென்ஸ் விலைக்குள் அகப்படும் முதல் நூலை வாங்கி, அதனை வைத்தே வாழ்நாள் முழுதும் வேலை செய்வது எனத் தமக்குத் தாமே ஒரு விதி வகுத்துக்கொண்டார். பெக்கம் ரை என்னும் பகுதியிலிருந்த பழம்பொருட் கடையில் அவருக்கு அகப்பட்டது, மலொக் என்பவர் 1892இல் எழுதிய, எவரும் நினைவிற் கொள்ளாத ஒரு நாவல். பக்கந்தோறும் சில சொற்களை மாத்திரம் விட்டுவிட்டு, ஏனையவற்றின்மேல் அவர் வண்ணம் தீட்டினார். எஞ்சிய சொற்கள் வெண்ணிற ஓடைகளாக வளைந்து சென்று ஒன்றோடொன்று கூடிப் புதிய கதை சொல்லின. அதற்கு 'ஹியூமுமென்ற்' என்று பெயரிட்டார். 367 பக்கங்கள். ஒருமுறை முடித்ததோடு நில்லாமல், அதே நாவலின் வேறு பிரதிகளைத் தேடி வாங்கி, பக்கங்களை மீண்டும் மீண்டும் புதிதாகத் தீட்டினார். இறுதிப் பதிப்பு 2016இல் வெளிவந்தது. ஐம்பது ஆண்டு உழைப்பு. 2022இல் அவர் மறைந்தார். மலொக்கின் நாவலை இன்று எவரேனும் தேடிப் படிக்கின்றார் எனின், அது பெரும்பாலும் பிலிப்ஸின் தூரிகையாலேயே.

இது மேல்நாட்டாருக்கே உரிய புதுமை என்று எண்ணவேண்டியதில்லை. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள் என்பனவும் உள்ளன. ஒரு செய்யுளின் எழுத்துக்களுள் வேறொரு செய்யுள் ஒளிந்திருக்கும். அறிந்தவர் அதனை எடுத்துக் காட்டுவர். நம் புலவர் எழுத்தாணியாற் செய்ததைப் பிலிப்ஸ் தூரிகையாற் செய்தார். வேறுபாடும் உண்டு. கரந்துறையில் ஒளித்துவைப்பவர் புலவரே. பிலிப்ஸ் கண்டெடுத்ததோ மலொக் ஒருபோதும் வைக்காத பொருள். இதனைக் கவி என்பதா, களவு என்பதா என்று பண்டிதர் வழக்காடலாம்.

தமிழ்ப் பக்கத்தில் இதனைச் செய்யப் புகுந்தால் ஓர் இடர்ப்பாடு தோன்றும். ஆங்கிலத்திற் சொற்கள் தனித்தனியே நிற்கும். எங்கும் எடுத்து எங்கும் வைக்கலாம். தமிழ்ச் சொல்லோ வேற்றுமை உருபையும் இடைநிலையையும் விகுதியையும் தன்னோடு சுமந்து நிற்கின்றது. எழுவாய் ஒருமையாயின் பயனிலையும் ஒருமையாக அகப்படும்வரை பக்கம் முழுதும் தேடவேண்டும். மாணவர்க்கு இதனினும் சிறந்த இலக்கணப் பயிற்சி வேறு இல்லை. சொற்களை விட்டு எழுத்துக்களுக்கு இறங்கினால் விளையாட்டு இன்னும் சுவைக்கும். 'மாணவன்' என்ற சொல்லின் நடு இரண்டெழுத்தை மறைத்தால் ஒரு 'மான்' வெளியே ஓடிவரும். 'பாடசாலை'யை அவ்வாறே மறைத்தால் 'பாலை' கிடைக்கும். முன் இரண்டெழுத்தை மறைத்தால் 'சாலை' கிடைக்கும். 'பாடநூ'லுக்குள் 'பால்' உண்டு. 'வானொலி'யின் நடுவெழுத்தை மூடினால் 'வாலி' நிற்பான்! பழைய பாடநூலின் பக்கம் ஒன்று, ஒரு வண்ணப் பென்சில், அரைமணி நேரம்: இவ்வளவே இதற்கு வேண்டியவை. வெட்டுவதும் இல்லை, கிழிப்பதும் இல்லை.

நூலை வெட்டியும் எரித்தும் செய்யப்படும் கலையும் இலங்கையில் உண்டு. அதனைப் பேசுமுன் யாழ்ப்பாணத்தை நினைக்கவேண்டும். கே. எம். செல்லப்பா என்னும் ஒரு தனிமனிதரின் முயற்சியால் 1930களில் சிறிதாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பொது நூலகம், 1959இல் தனக்கென எழுப்பப்பட்ட அழகிய கட்டடத்தில் திறந்து வைக்கப்பட்டது. நூலகவியல் மேதை எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் அதற்கு உதவின. 1981ஆம் ஆண்டு வைகாசி 31ஆம் நாள் இரவு அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. படியெடுக்கப்படாத ஏட்டுச் சுவடிகளும் அவற்றுள் அடங்கும். அத்தீயைத் தொலைவிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியினால் உயிர் நீத்தார்.

சிங்கள ஓவியராகிய கிங்ஸ்லி குணதிலக்க இந்த நிகழ்ச்சியைத் தம் கலைக்குள் கொண்டுவந்தார். அவர் பழைய நூல்களை எடுத்து, எரித்து, துளையிட்டு, தாள்களுக்கிடையே சிறு பொம்மைப் போர்வீரரையும் தோட்டாக்களையும் பதித்து, அவற்றைச் சிற்பங்களாக்கியிருக்கின்றார். பக்கம் புரட்ட முடியாத நூல்கள் அவை. யாழ்ப்பாண நூலகத்தையும் முப்பதாண்டுப் போரையும் அவை பார்ப்பவர் முன் நிறுத்துகின்றன. எரிக்கப்பட்ட நூலுக்காக வருந்துபவர் இன்னொரு நூலை எரிக்கலாமா என்று கேட்பவர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், மருத்துவர் கையிலுள்ள கத்தியும் கொலைஞன் கையிலுள்ள கத்தியும் ஒன்றல்ல அன்றோ? ஒரு நூல் தன் வாசகத்தால் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், தன் உடலால் சாட்சி சொல்ல அவர் அதனை அழைக்கின்றார். வடிவ அழகுக்காக மட்டும் நூலை வெட்டி அலங்காரப் பொருளாக்கி விற்போர் உலகிற் பலர். அவர்களோடு இவரைச் சேர்த்து எண்ணுதல் நீதியன்று.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் எதிர்வழியிற் சென்றார். இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த கோட்டுப்படங்களைத் திரட்டி, 2011இல் ஒரு நூலாக்கினார். தோம்பு என்பது முன்னர் ஒல்லாந்தர் வைத்திருந்த காணிப் பதிவேடு. அப்பெயரையே தம் நூலுக்குச் சூட்டி, 'முற்றுப்பெறாத தோம்பு' என்றார். பழைய அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் அமைந்தது அது. அழிந்துபோனவற்றிலிருந்து ஒரு நூல் எழுந்தது.

இனி, இறக்கக்கண்டி போன்ற ஊரிலுள்ள ஒரு பாடசாலையில் இக்கலையைக் கற்பிப்பதாயின், வேலை கத்தரிக்கோலிலிருந்து தொடங்கக்கூடாது. களஞ்சிய அறையிலிருந்து தொடங்கவேண்டும். குவியலை மாணவரைக் கொண்டே பிரிக்கச் செய்தல் நன்று. அச்சகத்திலிருந்து பல்லாயிரக்கணக்கில் வந்த பழைய பாடநூல்கள், மாறிப்போன எண்கள் நிறைந்த தொலைபேசி விபரக்கொத்துகள், காலம் கடந்த விளம்பரப் புத்தகங்கள் ஆகியவற்றை அச்சமின்றி ஒருபுறம் வைக்கலாம். சமய நூலும் சமயப் பாடநூலும் எந்த மதத்தினதாயினும் அக்குவியலிற் சேர்க்கப்படலாகாது. அயலவரின் மனம் அதில் அடங்கியிருக்கின்றது. எஞ்சுபவற்றிலேதான் மிகுந்த கவனம் வேண்டும். பாடசாலையின் பழைய ஆண்டு மலர், கோயிற் கும்பாபிடேக மலர், பள்ளிவாசல் நினைவு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, உள்ளூர்ப் புலவர் அச்சிட்ட எட்டுப் பக்கக் கும்மி, ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாள் வெளியிட்ட கல்வெட்டு: பார்வைக்கு இவையே குப்பை. போரும் கடலும் பலமுறை அலைக்கழித்த கரையில், எவருடைய வீட்டிலும் எஞ்சாத ஒரேயொரு பிரதி அதுவாக இருக்கலாம். இலங்கைத் தமிழ் வெளியீடுகளைப் படமெடுத்து மின்வடிவில் சேமிக்கும் 'நூலகம்' என்னும் திட்டம் 2005ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகின்றது. ஒரு சிறு மலர் அதில் ஏற்கெனவே உளதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்களே செல்லும். இல்லையெனில் அதனை அவர்களிடம் சேர்ப்பிக்கலாம். ஓவிய வகுப்பொன்றிலிருந்து ஊர் வரலாறு இவ்வாறு காப்பாற்றப்படுமாயின், அது வரைந்த படத்தினும் பெரிய பேறாகும்.

பிரித்து முடிந்ததா? இப்போது துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிவிடுக. தடித்த விபரக்கொத்து ஒன்றை மேசையில் விரித்து, வலப்பக்கத் தாளின் மேல்மூலையை நூலின் நடுமுதுகு வரை சாய்த்து மடிக்கவேண்டும். அவ்வாறு உண்டான சாய்ந்த விளிம்பை மீண்டும் ஒருமுறை நடுமுதுகோடு பொருந்த மடிக்கவேண்டும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மேல்நோக்கி மடித்து உட்செருகிவிட்டால் ஒரு தாள் முடிந்தது. இருநூறு முந்நூறு தாள்களையும் இவ்வாறே மடித்து, மட்டையை நீக்கி, முதல் தாளையும் இறுதித் தாளையும் பசையால் ஒட்டினால், நூல் தானாகவே நிமிர்ந்து ஒரு கோபுரமாக நிற்கும். முதற் பத்துத் தாள்கள் மடிக்கும்போது சலிப்பாகவே இருக்கும். ஐம்பதைத் தாண்டியதும் பிள்ளைகளை எழுப்ப முடியாது.

கடதாசிக்கூழ் வேலை பெண்கள் பலர் முன்னரே அறிந்தது. தமிழகத்திற் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளுக்கும், புதுச்சேரித் திருக்கனூர்க் கைவினைப் பொருள்களுக்கும் கூழே ஆதாரம். காசுமீரத்தில் எழுதுகோற் பெட்டிகள் செய்யத் தொடங்கிய கூழ்க்கலை உலகப் புகழ் பெற்றது. வழவழப்பான வண்ண அட்டைகள் இதற்கு உதவா. அவற்றின்மேல் பூசிய வெண்களியும் பிளாத்திக்கும் கரையமாட்டா. உள்ளிருக்கும் சாதாரணத் தாளே வேண்டும். அதனை வெட்டாமற் கையாற் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரத்து நார்களே பின்னர் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இரண்டு நாள் ஊறவைத்து, மை கலந்த நீரை மாற்றி, உரலிலிட்டு இடித்து, ஊறவைத்து அரைத்த வெந்தயத்தைச் சேர்த்துப் பிசைந்தால் பதம் வந்துவிடும். வெந்தயம் பசையாகவும் இருக்கும். அதன் கசப்பு பூச்சியையும் ஓரளவு விலக்கும். கவிழ்த்த பானையின்மேல் ஈரத்துணியைப் போர்த்து, அதன்மேற் கூழை விரல் கனத்துக்கு அப்பி, நிழலில் உலர்த்தவேண்டும். நேர் வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

மாரிகாலத்தில் இதனைத் தொடங்கி ஏமாந்தவர் பலர். வாடை வீசும் மாதங்களிற் கூழ் உலராது. மூன்றாம் நாள் பச்சைப் பூஞ்சணம் படரும். தை கழிந்து சோளகம் தலைகாட்டும்வரை பொறுத்திருந்தால், நாலைந்து நாட்களிற் பாத்திரம் பானையிலிருந்து தானாகவே கழன்றுவரும். அதனை வண்ணம் பூசி மறைக்காமல் விடுவது நல்லது. நன்றாக இடிபடாத சில துணுக்குகள் அதன் மேற்பரப்பிற் தங்கிவிடும். ஓரிடத்தில் ஒரு 'கூ', இன்னோரிடத்தில் கணக்குப் புத்தகத்தின் ஒரு பின்னக்கோடு, விளிம்பருகே யாரோ ஒரு மாணவன் மையால் எழுதிய தன் பெயரின் பாதி.